அக்கரைக்கு இணைப்புக் கொடுத்தவள்

அந்த ஊரில் டெலிபோன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் அவளுடைய குரல் தெரியும். முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. மார்க்கெட்டில் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே "கிலோ என்ன விலை?" என்று கேட்பாள். பக்கத்தில் நிற்கும் மர டிப்போக்காரர் சட்டென்று திரும்புவார்.

"அடடே, எக்ஸ்சேஞ்ச் அக்காவா நீங்க? குரல வெச்சு இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"உக்காந்தே பேசிப் பேசி இப்படி ஆயிட்டேன்" என்பாள் அவள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தபால் ஆபீசுக்கு மேலே ஒரு நீள அறை. ஒரு சுவர் முழுக்க மரச்சட்டம் போட்ட போர்டு, அதில் தேன்கூடு மாதிரி துளைகள், ஒவ்வொரு துளைக்கு மேலும் குன்றிமணி அளவு விளக்கு. யாராவது வீட்டில் ரிசீவரை எடுத்தால் அந்த வீட்டு விளக்கு எரியும். கீழே மேசையில் ஜோடி ஜோடியாக நிற்கும் கயிறுகளில் ஒன்றை இழுத்து அந்தத் துளையில் சொருகி, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். சொன்னதும் ஜோடிக் கயிற்றை அடுத்த வீட்டுத் துளையில் சொருகி மணியடிக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க இதைச் செய்தார்கள். நடு நாற்காலி அவளுடையது.

போர்டின் வலது ஓரத்தில் தனியாக நாலைந்து துளைகள் உண்டு. அவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும் லைன்கள். 'அக்கரை' என்று அவற்றுக்குப் பெயர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் இன்னொரு அரசாங்கம். அவளுடைய தாத்தா காலத்தில் நடந்த ஏதோ ஒரு போரின் முடிவில், எங்கோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆற்றின் நடுவே கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கோடு அதன்பிறகு தூங்கிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஒரு காவல்காரர் இருப்பார், அவரும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். அக்கரைப் பெண்ணை இக்கரையில் கொடுப்பார்கள், இக்கரைச் செங்கல்லில் அக்கரையில் வீடு கட்டுவார்கள். அவளே அப்படி வந்தவள்தான். பிறந்த வீடு அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். நடுவில் ஒரு பாலம். ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் நடந்து கடந்துவிடலாம்.

அக்கரை எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் அவளுடைய தம்பி. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனுக்குத் தலைவாரி, சட்டைக்குப் பொத்தான் தைத்து, காய்ச்சலுக்குக் கஷாயம் புகட்டி வளர்த்தவள் அவள். சின்ன வயதில் கன்னம் உப்பலாக இருந்ததால் வீட்டில் அவனுக்குக் 'குண்டு' என்று பெயர். வளர்ந்ததும் ஒட்டடைக் குச்சி மாதிரி ஆகிவிட்டான். பெயர் மட்டும் இளைக்கவில்லை. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, அக்கரை எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசரிடம் போனிலேயே சிபாரிசு செய்து உள்ளே தள்ளியவளும் அவள்தான்.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் லைன் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். அது அக்கா தம்பி வேலை.

"அக்கரை, கேக்குதா?"

"கேக்குது. இக்கரை சாப்டாச்சா?"

"சாப்டாச்சு. குண்டு, உன் பொண்டாட்டி சௌக்கியமா?"

"அவ சௌக்கியம். என்னதான் தேய்ச்சு எடுக்குறா."

அரசாங்கச் செலவில் குடும்ப விஷயம் இவ்வளவு போதும் என்று இடது நாற்காலிப் பெண் இருமுவாள். வேலை தொடங்கும்.

அவளுடைய கணவர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிற வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் போர்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். ஒரு இளவரசனைச் சுட்டதில் மூண்ட சண்டை எப்படி உலகம் முழுவதையும் இழுத்துப் போட்டது. அது முடிந்தபோது தோற்றவன் கழுத்தில் மாட்டிய ஒப்பந்தம் எப்படி அடுத்த உலகப் போருக்குப் பாதை போட்டது. எத்தனை பேரரசுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒரு காலத்தில் பெண்களின் நகையாக இருந்த கைக்கடிகாரம் பதுங்குகுழிகளில் கிடந்த ஆண்களின் மணிக்கட்டுக்கு எப்படி வந்தது. டப்பாவில் அடைத்த உணவு எந்தப் படைக்குச் சோறு போடும் யோசனையில் பிறந்தது. கையில் இருக்கும் கவளம் அப்படியே காயும்.

"மனுஷன் ஏன் சண்ட போடறான் தெரியுமா? மூணே மூணு காரணம். பயம், பேராசை, மானம். இந்த மூணுல எல்லாத்தையும் அடக்கிரலாம்."

"குழம்பு ஆறுது. அதையும் வயித்துல அடக்கிருங்க" என்பாள் அவள். மகள் களுக்கென்று சிரிப்பாள். வரலாற்று வாத்தியார் வீட்டில் அப்போது போர் என்பது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிற விஷயமாக இருந்தது.

பிறகு ஒரு வருடம் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வடிந்தபோது ஆறு கொஞ்சம் நகர்ந்து படுத்திருந்தது. நடுவே புதிதாக ஒரு மணல் திட்டு. அதில் புல் முளைத்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் மாடு ஓட்டிப் போனார்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் ஓட்டிப் போனார்கள். கைகலப்பு ஆனது. காவல்காரர்கள் போனார்கள். ஒரு காவல்காரர் செத்துப்போனார். தண்ணீரில் விழுந்து செத்தார் என்றும் சொன்னார்கள், அடித்துத் தள்ளினார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டு தலைநகரங்களின் ரேடியோவும் விழித்துக்கொண்டன. தாத்தா காலத்துக் கோடும் விழித்துக்கொண்டது.

போர்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது வருவது காதிலேயே தெரிந்தது. ஒட்டுக்கேட்பது தப்பு. பேசி முடித்துவிட்டார்களா என்று எட்டிப் பார்ப்பது வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் அவளுக்கு ஊர்ச் செய்தி எல்லாம் வந்தது. முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். "என்னய்யா, உங்க திட்டுல என் எரும மேயுதாமே" என்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்புக் குறைந்தது. இருபது வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்த இக்கரைச் செங்கல் சூளைக்காரரும் அக்கரைச் சுண்ணாம்பு வியாபாரியும், தங்கள் வாழ்நாளில் கால் வைக்காத அந்தத் திட்டுக்காக ஒருநாள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் முதலில் ரிசீவரை வைத்தார்கள் என்று தெரியவில்லை. பேச்சு முடிந்ததைக் காட்டும் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. அவள் கயிறுகளை உருவினாள். அந்த இரண்டு பேரும் அதன்பிறகு ஒருவரை ஒருவர் கூப்பிடவே இல்லை.

மர டிப்போக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். பட்டாளத்துக்குப் பலகை வேண்டியிருந்தது.

"கொஞ்ச நாள்தான் அக்கா. ஒரு தட்டு தட்டுனா அடங்கிருவாங்க."

"என் தம்பி அங்கதான இருக்கான்."

"ஐயையோ, உங்க தம்பியச் சொல்லலக்கா! நான் அவங்களச் சொல்றேன்."

அந்த 'அவங்க' யார் என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். அக்கரையில் அவளுக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தாள். கடைசியில் மிஞ்சியவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியவில்லை.

சில நாளில் எக்ஸ்சேஞ்சில் ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒல்லியான ஆள், தீராத சளி. அக்கரைக்குப் போகும் எல்லாப் பேச்சையும் ஹெட்போன் மாட்டிக் கேட்பது அவர் வேலை. பெண்கள் அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள். வந்த மறுநாளே அவளைக் கூப்பிட்டார்.

"காலைல லைன்ல 'குண்டு'ன்னு சொன்னீங்களே. என்ன குண்டு? எங்க?"

"என் தம்பி சார்."

"தம்பிகிட்ட குண்டு இருக்கா?"

"இல்ல சார். தம்பிதான் குண்டு."

காது அவளை உற்றுப் பார்த்தார். அவள் முழுக் கதையையும் சொன்னாள், கன்னம் உப்பியிருந்தது உட்பட. காது சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமலில் கொண்டுபோய் முடித்தார். "சரி சரி. இனிமே அந்த வார்த்த வேண்டாம். கேக்குற எல்லாரும் என்ன மாதிரி இருக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை அவள் "தம்பி, கேக்குதா?" என்றாள்.

"என்னக்கா, மரியாதை பலமா இருக்கு? மாமாகூட சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். சின்னவனுக்கு முன்பல்லு ஆடுது. புடுங்க விடமாட்டேங்குறான். நீ வந்தாதான் காட்டுவானாம்."

"வர்றேன்னு சொல்லு. ஞாயித்துக்கிழம வர்றேன்."

பின்னால் இருந்து காது தொண்டையைக் கனைத்தார். தம்பியும் அந்தப் பக்கம் யாரையோ பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சரிக்கா. இங்கயும் ஒருத்தர் இருக்காரு. வெச்சிரட்டுமா?" என்றான். அவள் கயிற்றை உருவினாள்.

அன்று சாயங்காலம் அக்கரைத் துளைகளின் பின்பக்கக் கம்பிகளை வெட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் கிடந்தது.

போர் என்பது வாத்தியார் சொன்னது மாதிரி இல்லை. பெரும்பாலும் அது காத்திருப்பதாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டை ஒட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் கீழறையில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நடுநடுவே வானம் கிழியும். பேக்கரி இருந்த இடத்தில் குழி இருக்கும். மகளுடைய வகுப்பில் ஒரு இடம் காலியாகும். வாத்தியார் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

எக்ஸ்சேஞ்ச் இப்போது பட்டாளத்தின் கையில். வீட்டு லைன்களை எல்லாம் துண்டித்துவிட்டு, அந்தத் துளைகளுக்குப் புதுப் பெயர் எழுதி ஒட்டினார்கள்: தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி, பீரங்கி மேடு. தண்ணீர்த் தொட்டி மேலே ஒரு இளைஞன் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஆற்றுக்கு அப்பால் பார்ப்பான். எங்கே சுட வேண்டும் என்று பீரங்கி மேட்டுக்குப் போனில் சொல்வான். அந்த இணைப்பைக் கொடுப்பது போர்டில் இருக்கும் பெண்கள். அவன் நல்ல பையன். "அக்கா, மேட்டுக்குக் குடுங்கக்கா" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்பான். மழை நாளில் "நனையுறியா தம்பி?" என்று அவள் கேட்டால், "தொப்பலா நனைஞ்சிட்டேன்" என்பான்.

ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டி விளக்கு எரிந்தது. அவள் கயிற்றைச் சொருகினாள்.

"அக்கா, மேட்டுக்குக் குடுங்க, சீக்கிரம். அவங்க டெலிபோன் ஆபீஸை அடிச்சுட்டா நமக்குத் தொல்ல விட்டுச்சு."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளும் தங்கள் ஆள்தானே என்ற நினைப்பில் சொன்னான்.

ஜோடிக் கயிறு அவள் கையில் இருந்தது. அந்தக் கட்டடத்தை அவள் பார்த்திருக்கிறாள். மொட்டை மாடியில் கம்பிக் கூண்டு, வாசலில் மூன்று படி, மேல்மாடியில் நீள அறை. அங்கே தம்பி இருப்பான். தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில், பேசும்போதெல்லாம் சிரிக்கிற ஒருத்தி இருப்பாள். முகம் பார்த்ததில்லை. 'சிரிப்பு' என்றுதான் இந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர். திரும்பிப் பார்த்தாள். காதும் ஹெட்போனில் கேட்டிருந்தார். அவர் மிரட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி" என்று சொல்லிக் கயிற்றைச் சொருகினாள். மணியடித்தாள்.

கை தானாகப் போய்விட்டது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் கை தானாகப் போகவில்லை. தான் சொருகாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரி சொருகியிருப்பாள் என்றும் சொல்லிப் பார்த்தாள். அது உண்மைதான். அதில் ஒரு ஆறுதலும் இல்லை. மேட்டில் பீரங்கிகள் முழங்கின. போர்டின் மரச்சட்டம் அதிர்ந்தது. அவள் அடுத்து எரிந்த ஆஸ்பத்திரி விளக்குக்குப் பதில் சொன்னாள். டியூட்டி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் வாத்தியாரிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆயிரம் போர்களின் கதை தெரிந்த மனிதர். அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டு மழைக்காலம் கடந்து போர் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு ரேடியோவும் இரண்டு விதமாகச் சொல்லின. அந்த வருட வெள்ளத்தில் ஆறு மறுபடி புரண்டு படுத்தது. மணல் திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உடைந்த பாலத்தின் நடுவில் பலகை போட்டு, சொந்தபந்தம் உள்ளவர்களை அனுமதிச் சீட்டோடு விட்டபோது முதல் வரிசையில் அவள் நின்றாள். அக்கரைத் தெருக்கள் அடையாளம் மாறியிருந்தன. எக்ஸ்சேஞ்ச் இருந்த பக்கம் அவள் போகவில்லை, சுற்றிக்கொண்டு போனாள். பிறந்த வீட்டின் கதவைத் தம்பி மனைவிதான் திறந்தாள். நெற்றியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது எல்லாம் முடிந்துபோனது. இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து, சமையலறையில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஆபீஸ்லயா?"

"இல்ல அண்ணி. அதுக்கு முன்னாடியே அவர பட்டாளத்துல சேர்த்துட்டாங்க. கம்பி இழுக்குற வேல. சண்ட நின்னப்புறம், போட்ட கம்பியெல்லாம் சுருட்டச் சொன்னாங்க. சுருட்டிக்கிட்டே போனவரு கண்ணிவெடில கால வெச்சுட்டாரு."

சண்டை நின்றபிறகு. அவள் அதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

"ஆபீஸ அடிச்ச அன்னிக்கு பக்கத்துலதான் இருந்தாரு. ஓடிப்போய்க் கல்லப் பொரட்டுனாரு. ரெண்டு பொண்ணுங்க உள்ள. ஒருத்திய உயிரோட எடுத்தாங்க. வழியிலயே போயிட்டா. சிரிச்சுக்கிட்டே இருக்குமே, அந்தப் பொண்ணு."

அடுப்பில் ஏதோ கொதித்தது. இருவரும் எழுந்து அணைக்கவில்லை.

"அன்னிக்கு நாந்தான் லைன் குடுத்தேன்" என்றாள் அக்கா.

தம்பி மனைவி தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை. "அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாம உக்காந்து சொன்னாரு, 'எங்க அக்காதான் போட்டிருக்கும், இந்த நேரம் அதோட டியூட்டிதான்'னு."

"கோவப்பட்டானா?"

"இல்ல. ஆபீஸ்ல இருந்தவரைக்கும் அவரும் அந்த மாதிரி நெறைய லைன் போட்டிருக்காரு அண்ணி. ஒருநாள் உங்க கடைத்தெருவ அடிக்கச் சொன்னாங்களாம். போட்டுட்டு வந்து மூணு நாள் சோறு திங்கல."

பேக்கரி இருந்த இடத்தில் கிடந்த குழி அவள் நினைவுக்கு வந்தது. அங்கே நின்று அவள் எத்தனையோ நாள் ரொட்டி வாங்கியிருக்கிறாள். தம்பிக்கும் அது தெரியும். அவனுக்கு அங்கேயிருந்துதான் வாங்கிப் போவாள்.

அதன்பிறகும் அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? பட்டாளம் போய், வீட்டு விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கின. மர டிப்போக்காரர் மாடி கட்டினார். அந்த மாடியில் குடியிருக்க அவருடைய மூத்த மகன் திரும்பி வரவில்லை. போன் எடுத்தால் நம்பர் சொல்லக்கூட மறந்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். அவரிடம் அவளுக்கு இருந்த கோபம் எப்போது கரைந்தது என்று அவளுக்கே தெரியாது.

சில வருடத்தில் மகளுடைய வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் போர் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட இல்லை. 'போருக்கான காரணங்கள்' என்று தலைப்புப் போட்டு வரிசையாகக் கொடுத்திருந்தார்கள்: எல்லைத் தகராறு, பொருளாதாரப் போட்டி, தலைவர்களின் பிடிவாதம், மக்களின் உணர்ச்சி. மகள் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

"என்னது?" என்றார் வாத்தியார்.

"ஒருத்தர்கூட வேலைக்கு லீவு போடல. நானு, என் தம்பி, தொட்டி மேல இருந்த அந்தப் பையன், எல்லாரும் ஒழுங்கா வேலைக்குப் போனோம்."

வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடினார். "அத எழுதுனா மார்க் போட மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து மகள் மனப்பாடத்தை நிறுத்திவிட்டாள்.

காலம் ஓடியது. தானாக இணைக்கிற இயந்திரங்கள் வந்தன. போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். மகள் கல்யாணமாகித் தூரத்துக்குப் போனாள். பாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள், ஆனால் இந்த முறை இரண்டு முனையிலும் இரும்புக் கதவு, சோதனைச் சாவடி, வருடத்துக்கு இத்தனை தடவைதான் என்று கணக்கு. தூங்குகிற காவல்காரர் காலம் போய்விட்டது.

ஒரு தடவை போனபோது தம்பி மகன் பட்டாளத்தில் சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. அவன் வீட்டில்தான் இருந்தான், விடுமுறையில். அப்பனைப் போலவே ஒட்டடைக் குச்சி. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அவள் தன்னால் முடிந்த மட்டும் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏன்டா கண்ணு? உங்க அப்பா போனது போதாதா?"

"அத்தை…"

"எங்க மேல கோவமா? அந்தக் கரைய ஒரு கை பாக்கணும்னு போனியா? சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. உங்க மேல எனக்கு என்ன கோவம்? அப்பா செத்ததால எனக்கு முன்னுரிமை இருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. இங்க இருந்த ஒரு ஃபாக்டரியும் மூடுனப்புறம் வேற என்ன வேல இருக்கு?"

"நாளைக்கே ஒரு சண்ட வந்தா?"

"வராது அத்தை."

"வந்தா?"

"சொல்றதச் செய்யணும்" என்றான். அதில் வெறுப்பும் இல்லை, வீராப்பும் இல்லை. கடைக்குப் போய் வா என்றால் போய்விட்டு வருவேன் என்கிற மாதிரி சொன்னான்.

அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். உன் அப்பனை வளர்த்தவள் நான் என்று அவளும் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், அவன் மனசைக் கரைத்திருப்பாள். இவனிடம் கரைக்க எதுவுமே இல்லை. அன்பான பிள்ளை. சாப்பிடும்போது அவளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தான். கிளம்பும்போது பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பாலம்வரை வந்தான். ரோட்டைக் கடக்கையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இரும்புக் கதவுக்கு முன்னால் பையைக் கொடுத்து, "பாத்துப் போங்க அத்தை. நடுவுல காத்து பலமா அடிக்கும்" என்றான்.

அவள் நடந்தாள். காற்று பலமாகத்தான் அடித்தது. முந்தானையைத் தலைமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தான். கீழே ஆறு கலங்கலாக ஓடியது. ஒரு புறம் கொஞ்சமாக மணல் தலைகாட்டியது. அதை அவள் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

இந்தப் பக்கத்துச் சாவடியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"யாரப் பாக்கப் போனீங்கம்மா?"

"தம்பி மகன."

"என்ன வேல பாக்குறாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு, "உன் வேலதான்பா" என்றாள்.

பையன் நிமிர்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மேலதிகாரி தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பையன் குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க நினைத்ததைக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"அங்கயும் விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுருவாங்களாம்மா?"

அவளுக்கு அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட வேண்டும்போல இருந்தது. நடுவில் கம்பி வலை இருந்தது.

"கேக்கலையேப்பா" என்றாள். "அடுத்த தடவ போறப்ப கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அவன் சீட்டில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த வாத்தியாரை நோக்கி நடந்தாள்.